கம்பெனி மூடிய பின் காருக்கு யார் துணை?

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு நம் ஊரில் முதலில் கிடைக்கும் புத்திமதி, கம்பெனி இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கு என்பதுதான். மூடிப்போன கம்பெனியின் வண்டியைச் சும்மா கொடுத்தாலும் தொடாதே என்று அதற்கு மேல் ஒரு எச்சரிக்கையும் சேரும். இந்தப் புத்திமதியில் அனுபவம் இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், உத்தர்பாரா ஆலையை 2014 மே மாதம் நிறுத்திவிட்டது. இருந்தும் அம்பாசிடரில் ஒரு கோளாறு என்றால் கைவைக்க ஆள் இல்லாத ஊர் நம்மிடம் அரிது. இதற்கு நேர்மாறாக, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெசல் கார்களை வைத்திருந்தவர்கள், ஆலையின் கதவு திறந்திருந்த காலத்திலேயே சாமானுக்கு அலையத் தொடங்கிவிட்டார்கள். ஒரு கார் அனாதையாவதை ஆலை மூடிய தேதியை வைத்துக் கணக்கிட முடியாது. அதன் உதிரிபாகமும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் எவ்வளவு தூரம் ஊரில் பரவியிருந்தன என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஸ்டாண்டர்டு கார்களின் வரலாறு இதற்குத் தெளிவான சாட்சி. இன்று மலிவு விலையில் ஃபோர்டும் செவ்ரோலேயும் வாங்குகிற குடும்பங்களுக்கும் அந்த வரலாறு தேவைப்படுகிறது.

ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் மதராஸில் தொடங்கியது. யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்ற உள்ளூர் நிறுவனமும், இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் 1903 முதல் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் இதில் கூட்டு. தாய்க் கம்பெனி 1940-களின் நடுவில் டிரையம்ஃப் என்ற நொடித்துப்போன பெயரை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. மதராஸில் முதலில் வான்கார்டு கார்கள் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு ஸ்டாண்டர்டு எட்டு, பத்து, பென்னன்ட் என்று சிறிய கார்கள் வந்தன. 1953-இல் வரி விதிப்பு ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, பாகங்களைப் படிப்படியாக இங்கேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இனி இடம் என்று முடிவெடுத்தது. வெறுமனே பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கார் என்றால் கல்கத்தாப் பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மதராஸில் ஸ்டாண்டர்டு என்ற மூன்று பேர் களமாக அது சுருங்கியது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் 1963-இல் கார்களிலிருந்து மறைந்தது. லேலண்டு வாங்கிவிட்ட அந்தக் கம்பெனி டிரையம்ஃப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பிறந்த மண்ணில் மறைந்த பெயர் அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு மதராஸில் வாழ்ந்தது.

1961-இல் இங்கே வந்த ஹெரால்டின் உடலமைப்பை ஊன்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய கார் வைத்திருப்பவரின் கண்ணால் பார்த்தால் அது வரம்போல அமைந்த வண்டி. அப்படி அமைந்தது ஒரு நெருக்கடியால். 1950-களில் ஸ்டாண்டர்டுக்குக் கார்க்கூடு செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லாத நிலையில், காவென்ட்ரிப் பொறியாளர்கள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். அடியில் தனிச் சேஸிஸ். அதன்மேல் பல சிறு ஆலைகளில் செய்த தகடுகளைப் போல்ட் போட்டு இணைக்கும் கூடு. அதற்கு இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலொட்டி அழகான உருவம் கொடுத்தார். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் காரின் இஞ்சின் மூடியும் இருபக்க மட்காடும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்தால் இஞ்சின், ஸ்டியரிங், முன் சக்கரத்தின் அடிப்பகுதி எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். போல்ட் கழற்றினால் தகடு தனியாக வரும் என்பதால், பெரிய அச்சு இயந்திரங்களுக்கு முதல் இல்லாத மதராஸ் ஆலைக்கும் அது பொருந்தியது; பின்னாளில் தெருவோர டிங்கரிங் பட்டறைக்கும் அது பொருந்தியது. இஞ்சினும் அப்படியே. ஸ்டாண்டர்டு பத்தில் வந்த 948 சி.சி. இஞ்சின் பென்னன்ட், ஹெரால்டு, கடைசியில் கெசல் வரை தொடர்ந்தது. 1950-களின் நடுவிலிருந்து 1977 வரை ஒரே குடும்பத்து இஞ்சின் என்பதால், ஒரு மாடலில் கற்ற வேலை அடுத்த மாடலுக்கும் உதவியது.

இவ்வளவு எளிதாகப் பிரித்துப் பூட்டக்கூடிய கார் ஏன் பழைய கார் சந்தையில் மதிப்பிழந்தது? அந்தக் காலத்தில் புதுக் கார் என்பது கடையில் போய் வாங்கும் பொருளாக இல்லை. கார்களின் விநியோகத்தை மத்திய அரசு 1959 முதல் ஆணை போட்டுக் கட்டுப்படுத்தியது. 1969-இல் விலையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், குறிப்பாக ஃபியட்டுக்கு. பழைய வண்டி புது வண்டியின் விலையைத் தாண்டி விலைபோன விசித்திரம் அப்போது நடந்தது. அந்தப் பஞ்சத்திலும் ஹெரால்டு பின்தங்கியதற்குக் காரணத்தை டாக்ஸி ஸ்டாண்டில் தேட வேண்டும். அம்பாசிடர் கல்கத்தாவில் டாக்ஸியாகவும் நாடெங்கும் சர்க்கார் வண்டியாகவும் ஓடியது. பம்பாயின் டாக்ஸி என்றால் ஃபியட். நாள் முழுக்க ஓடி, அடிக்கடி தேய்ந்து, உடனே சரிசெய்தாக வேண்டிய வண்டி டாக்ஸி. அது ஓடுகிற ஊரில் கிளட்ச் பிளேட் விற்கிற கடை வரும். அந்த வண்டியிலேயே தொழில் பழகிய பையன்கள் பத்து வருடத்தில் சொந்தப் பட்டறை போடுவார்கள். அசல் சாமானுக்கு மாற்றாக லூதியானாவிலோ கோயம்புத்தூரிலோ ஒருவர் அதே சாமானைச் செய்ய முன்வருவார். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரின் வண்டி அந்தச் சந்தையில் இலவசமாக நிழல் வாங்கிக்கொள்ளும். ஹெரால்டு 1960-களின் கடைசிவரை இரண்டு கதவு வண்டி. முன் இருக்கையை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். அதை டாக்ஸியாக ஓட்ட முடியாது. நான்கு கதவு வைத்த மூன்றாம் மார்க் வந்தபோது மற்ற இரண்டும் ஊரைப் பிடித்துவிட்டிருந்தன. ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்களுக்கு மேல் போகாத உற்பத்தி தென்னிந்தியாவிலேயே பெரிதும் தங்கிவிட்டது. ஆகவே ஹெரால்டின் குறைந்த விலை, காருக்குச் சந்தை கொடுத்த மதிப்பெண் அல்ல. அதைச் சுற்றி அமையாமல் போன சாமான் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கொடுத்த மதிப்பெண் அது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கார் நன்றாக இருந்திருந்தால் ஊரில் பரவியிருக்காதா? ஹெரால்டின் பின் சக்கர அமைப்பு நம் சாலைக்கு ஒத்துவரவில்லை என்பதுதானே மெக்கானிக்குகளின் புகார்? புகார் உண்மைதான். பின்பக்கம் குறுக்காகப் படுத்த ஒரே பட்டை ஸ்பிரிங், நடுவில் டிஃபரன்ஷியலின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். இருபுறமும் தனித்தனியாக அசையும் அச்சு. ஆறு பேரும் மூட்டையும் ஏறி, பட்டை களைத்துத் தொங்கிவிட்டால் சக்கரங்களின் மேல்விளிம்பு உள்ளே சாயும்; டயரின் உள்ஓரம் மட்டும் வழுக்கையாகும். லாரிக்குப் பட்டை கட்டுகிற பட்டறையில் அதற்கு மீண்டும் வளைவு கொடுக்க முடியும் என்றாலும், தொல்லை தொல்லைதான். ஆனால் இந்தக் குறையை நீக்கியபின் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1972-இல் வந்த கெசல் அந்த அச்சை விட்டுவிட்டு, மற்ற கார்களைப் போல ஒரே கட்டை அச்சோடு வந்தது. உள்ளூரிலேயே உருமாற்றப்பட்ட, நான்கு கதவுள்ள கார் அது. அதுவும் சிறிய எண்ணிக்கையிலேயே தயாராகி 1977-இல் நின்றது. குறை நீங்கியும் வண்டி மீளவில்லை என்றால், குறை மட்டும் காரணமாக இருக்க முடியாது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் குறை இல்லாமலா இருந்தது? அவற்றின் குறைகளைச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அந்த எண்ணிக்கை குறையை மறைத்தது.

1977-க்குப் பிறகு பெருங்களத்தூர் ஆலை வேன்களைச் செய்து சில காலம் ஓட்டியது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காருடன் மறுபடி களத்தில் இறங்கியது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி. 1 காரின் கூடு அது. அங்கே 3.5 லிட்டர் இஞ்சினோடு பெயர் வாங்கிய அந்த உடலுக்குள், வான்கார்டு வழிவந்த 1,991 சி.சி. பழைய இஞ்சினை இங்கே பொருத்தினார்கள். கூட்டின் கனத்துக்கு இஞ்சின் போதவில்லை. பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1983 டிசம்பரில் வந்துவிட்ட மாருதி 800, நம் நாட்டில் கார் என்பதன் அளவுகோலையே மாற்றியிருந்தது. 1988-இல் ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் பாக்கி, கடன்காரர்களின் உரிமை, நிலத்தின் விலை என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இந்த முடிவில் ஒரு செய்தி நம் விவாதத்துக்கு மிக முக்கியம். ஆலையில் எஞ்சியிருந்த ஸ்டாண்டர்டு 2000-இன் உதிரிபாகக் குவியலை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிபாக வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். ரோவர் கார் வைத்திருந்த ஆங்கிலேயருக்கு மதராஸில் செய்த சாமான் கிடைத்தது. இங்கே அந்தக் காரைச் சொந்தப் பணத்தில் வாங்கியவருக்கு, அது தயாரான ஊரிலேயே சாமான் இல்லாமல் போயிற்று. சாமானே இல்லை என்பது சிக்கலாக இருக்கவில்லை. இருந்த சாமானை உரியவர் கையில் சேர்க்க ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. சாமானை வாங்கியவரையும் குறைசொல்ல முடியாது, விற்றவரையும் முடியாது. கார் வாங்கியவர்களை அந்தக் கணக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்க எவருக்கும் கடமை இல்லை என்பதே குறை.

அப்படியும் ஹெரால்டுகள் 1980-களிலும் 90-களிலும் ஓடின. சில இன்றும் ஓடுகின்றன. அந்தப் பெருமை முழுக்கச் சிறு பட்டறைகளையே சேரும். கூவம் ஓரத்துப் புதுப்பேட்டையில் விழுந்த வண்டிகளை உடைத்துப் பிரித்து வைக்கிற கடைகள், கம்பெனியின் ஸ்டோர் செய்ய வேண்டிய வேலையைச் செய்தன. தேய்ந்த சிலிண்டருக்கு ரீபோர் அடித்து ஸ்லீவ் போட்டார்கள். பித்தளை புஷ்ஷை லேத்தில் கடைந்தார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டார்கள். கையால் செய்யக்கூடிய சாமான் எதுவும் கிடைக்காமல் போகவில்லை. போனது அறிவு. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் மரைபோல இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் தண்டு திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில் ஊற்ற வேண்டும் என்று கம்பெனியின் கையேடு திட்டவட்டமாகச் சொன்னது. மற்ற கார்களுக்கு அடிக்கிற மாதிரியே கிரீஸ் அடித்தால் அது மரையின் அடிவரை போய்ச் சேராது, தண்ணீர் புகும், தண்டு அரிக்கப்பட்டு ஒரு நாள் வளைவில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஒரு டப்பா எண்ணெயில் தீர்கிற விஷயம் இது. தெரிந்தவர் பார்த்த வண்டி முப்பது வருடம் ஓடியது. தெரியாதவர் கைக்குப் போன வண்டி காயலான் கடைக்குப் போனது. கையேடு கம்பெனியின் பட்டறைகளோடு முடங்கியது. அதை யாராவது தமிழில் நான்கு பக்கம் அச்சிட்டுப் பட்டறைகளுக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ ஹெரால்டுகள் பிழைத்திருக்கும்.

அதே கார், அதே இஞ்சின் இங்கிலாந்தில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் இந்த வாதம் உறுதிப்படும். அங்கேயும் தயாரித்த கம்பெனி இல்லை. ஹெரால்டு 1971-இல் நின்றது. டிரையம்ஃப் என்ற பெயரே 1984-இல் மறைந்தது. ஆனால் ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாகக் கொண்டு ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜி.டி. 6 என்று வேறு கார்களும் வந்திருந்தன. வைத்திருந்தவர்கள் 1977-இலேயே சங்கம் அமைத்தார்கள். கையேடுகள் மறுபதிப்பாயின, வியாபாரிகள் டிரன்னியனிலிருந்து தகடு வரை புதிதாகவே செய்து விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். இரண்டு நாட்டிலும் கம்பெனி மறைந்தது. ஒரு நாட்டில் மட்டுமே கார் அனாதையானது. அங்கே எண்ணிக்கை அதிகம், பணம் அதிகம் என்று சொல்லலாம், உண்மைதான். 1991-க்கு முன் நம்மவர் வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு சாமானை வரவழைப்பதே பெரும்பாடு என்பதும் உண்மை. ஆனால் சங்கம், மறுபதிப்பு, சாமானை யாரும் செய்யலாம் என்ற சுதந்திரம் ஆகிய மூன்றும் பணத்தால் மட்டும் வருபவை அல்ல. அவை ஏற்பாட்டால் வருபவை.

பழைய கார்களைக் காப்பாற்றுவதே தவறு, புகையும் விபத்தும்தான் மிச்சம் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சீட் பெல்ட்டும் புகைக் கட்டுப்பாடும் இல்லாத 1960-களின் காரை அன்றாடம் ஓட்டச் சொல்லி யாரும் வாதிட வேண்டியதில்லை. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்து, அவற்றை அன்றாட உபயோகத்திலிருந்து விலக்கி வைத்தது சரியான முடிவு. பதினைந்து வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததையும் அந்த நோக்கில் புரிந்துகொள்ளலாம். கேள்வி இந்த அருங்காட்சிப் பொருள்களைப் பற்றியது அல்ல. எட்டு வருடம், பத்து வருடம் ஆன, புகைச் சோதனையில் தேறுகிற, காற்றுப்பையும் பெல்ட்டும் உள்ள கார் ஒன்று, கம்பெனி வெளியேறியது என்ற ஒரே காரணத்தால் ஏன் காயலான் கடைக்குப் போக வேண்டும்? ஒரு காரைச் செய்யச் செலவான இரும்பும் மின்சாரமும் அதன் ஆயுள் முழுக்கப் பயன்படுவதுதான் சிக்கனம். குறைந்த வருமானக் குடும்பம் முதல் காராக வாங்குவதும் பெரும்பாலும் இப்படி விலை இறங்கிய வண்டியைத்தான்.

இந்தக் கேள்வி பெருங்களத்தூருக்குத் தெற்கே அதே ஜி.எஸ்.டி. சாலையில் மறுபடியும் எழுந்திருக்கிறது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையின் கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. அதற்கு முன் 2017-இன் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே செவ்ரோலே விற்பனையை நிறுத்தியிருந்தது. இரண்டு கம்பெனிகளும் சர்வீஸும் சாமானும் தொடரும் என்று வாக்குக் கொடுத்தன. உலகில் அவை உயிரோடு இருப்பதால் ஸ்டாண்டர்டு நிலைமை வராது என்று நம்பலாம். ஆனால் ஹெரால்டுக்கு லேத் பட்டறை செய்த உதவியை ஃபோர்டின் ஃபிகோ காருக்குச் செய்ய முடியாது. இன்றைய காரில் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கே கம்பெனியின் மென்பொருள் வேண்டும். மாற்றுச் சாவி ஒன்றைப் பழக்குவதற்கும் வேண்டும். டிரன்னியனுக்கு எந்த எண்ணெய் என்ற தகவல் ஒரு கையேட்டில் இருந்தது. இன்று அந்த இடத்தில் பூட்டிய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் தடுத்ததாக 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகளைப் பற்றிய தீர்ப்பு அது. கம்பெனி இருக்கும்போதே வெளியில் பரவாத அறிவு, கம்பெனி போனபின் எங்கிருந்து வரும்? 2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்து, அதில் வாகனங்களையும் சேர்த்தது நல்ல தொடக்கம். ஆனால் அதில் வெளியேறும் கம்பெனியின் கடமை தனியாக எழுதப்பட வேண்டும்.

அந்தக் கடமை பெரிதல்ல. ஆலையை மூடுகிற கம்பெனி அந்தக் கார்களின் பழுதுநீக்கக் கையேடு, பாகங்களின் வரைபடம், கோளாறு கண்டறியும் மென்பொருள் மூன்றையும் பொதுவில் ஒப்படைக்க வேண்டும். எஞ்சிய சாமானை மொத்த ஏலத்தில் விடுமுன் உள்நாட்டில் விற்க முயல வேண்டும். கம்பெனிக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை, ஏனென்றால் அது இனி அந்தக் காரை விற்கப்போவதில்லை. வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை: மூடிய கம்பெனி என்று ஒதுக்க வேண்டாம், விலை குறைவு என்று பாயவும் வேண்டாம். அந்த மாடல் எத்தனை விற்றது, அதே இஞ்சின் வேறு எந்த வண்டியில் ஓடுகிறது, உங்கள் ஊரில் அதைத் தொட்டுப் பழகிய பட்டறைகள் எத்தனை என்று விசாரியுங்கள். இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், கம்பெனி இல்லை என்பதற்காக அந்தக் காரை விட வேண்டியதில்லை.